பத்து மாதத்தில் ஒரு ஊசி, நூறு வருடமாக ஒரே ஊசி

2021 சித்திரை வெயில். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட வராந்தாவில் கொரோனா ஊசிக்கு வரிசை. எனக்கு முன்னால் நின்ற மாமி முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டுக் கேட்டார்: "ஒரு ஏத்தவாழக் கொல வெட்டவே பத்து மாசம் ஆவுது மக்கா. அதுக்குள்ள இவங்க மருந்தே செஞ்சிட்டாங்களா? எப்பிடி நம்பிக் குத்த?" எனக்குத் தெரிந்த அரைகுறைப் பதிலைச் சொன்னேன். மாமி முகம் தெளியவில்லை. ஆனாலும் ஊசி போட்டுக்கொண்டுதான் போனார்.

இன்னொரு கேள்வி சில மாதம் கழித்து வந்தது. குளச்சல் பக்கம் ஃபைபர் வள்ளம் செய்யும் அண்ணன் ஒருவர். அவருடைய தம்பி ஆறு மாதம் டிபி மாத்திரை தின்று எழுந்தவர். "கொரோனாவுக்குப் பத்து மாசம். டிபிக்கு ஏன் இன்னும் இதுதான்?" என்று சட்டைக் கையை மேலே ஏற்றி, இடது தோளில் இருந்த தழும்பைக் காட்டினார். நம் எல்லோருக்கும் இருக்கிற, டிபிக்கான பிசிஜி ஊசியின் தழும்பு. அந்த மருந்து பாரிஸில் முதன்முதலாக ஒரு குழந்தைக்குத் தரப்பட்ட வருடம் 1921. அதற்குப் பிறகு டிபிக்குப் புது ஊசி எதுவும் உலகளவில் பழக்கத்துக்கு வரவில்லை.

மாமி 'ஏன் இவ்வளவு வேகம்' என்று கேட்டார். அண்ணன் 'ஏன் இவ்வளவு தாமதம்' என்று கேட்டார். இரண்டுக்கும் பதில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது.

அச்சு எடுக்கத்தான் காலம்

பதிலில் பாதி அந்த அண்ணனின் பட்டறையிலேயே கிடந்தது. ஃபைபர் வள்ளம் எப்படிச் செய்வார்கள் என்று பார்த்திருக்கிறீர்களா? முதலில் மரத்தில் ஒரு மாதிரி வள்ளம் செய்து, அதை இழைத்து, தேய்த்து, கண்ணாடி மாதிரி வழுவழுப்பாக்க வேண்டும். அதன்மேல் கண்ணாடி நாரும் ரெசினும் படலம் படலமாகப் போட்டு அச்சு எடுக்க வேண்டும். மாதக்கணக்கில் இழுக்கும் வேலை அது. அச்சு ஒருமுறை சரியாக வந்துவிட்டால் அப்புறம் வேலை மளமளவென்று ஓடும். மெழுகு தடவி, நாரும் ரெசினும் போட்டு, காயவிட்டு, உரித்து எடுத்தால் வள்ளம். ரோட்டில் போகிறவனுக்கு, போன வாரம் காலியாக இருந்த இடத்தில் இந்த வாரம் ஒரு வள்ளம் நிற்பது மட்டும்தான் தெரியும்.

கொரோனா ஊசியும் அப்படித்தான். 2020 ஜனவரி 10-11 தேதிகளில் புது வைரஸின் மரபணு வரிசை இணையத்தில் வெளியானது. மார்ச் 16 அன்று அமெரிக்காவின் சியாட்டில் நகரில் மாடர்னா ஊசி முதல் ஆளின் கையில் ஏறிவிட்டது. டிசம்பர் 2 அன்று பிரிட்டன் ஃபைசர்-பயோஎன்டெக் ஊசிக்கு அனுமதி கொடுத்தது. இந்தியாவில் கோவிஷீல்டுக்கும் கோவாக்சினுக்கும் 2021 ஜனவரி 3 அன்று அனுமதி கிடைத்தது. அதற்கு முன்பு வேகத்துக்குப் பெயர்போனது புட்டாலம்மை (பொன்னுக்கு வீங்கி) ஊசி. அமெரிக்க விஞ்ஞானி மாரிஸ் ஹில்மன் 1963-இல் தன் மகளின் தொண்டையிலிருந்து எடுத்த வைரஸை வைத்து ஆரம்பித்தார், 1967-இல் அனுமதி வந்தது. நாலு வருடம்.

ஆனால் இந்த வள்ளத்துக்கான அச்சு எப்போது எடுத்தது? மாடர்னா, ஃபைசர் ஊசிகளில் இருக்கும் எம்ஆர்என்ஏ என்பது செல்லுக்குள் போகும் ஒரு துண்டுச் சீட்டு. கல்யாண வீட்டில் சமையல்காரரிடம் கொடுக்கும் சீட்டு மாதிரி: 'இந்தப் புரதத்தைச் செய்' என்று எழுதியிருக்கும். செல் அதைப் படித்துச் செய்து முடிக்கும். சீட்டு கொஞ்ச நேரத்தில் சிதைந்து போகும். வெளியிலிருந்து சீட்டு கொடுத்தால் உடம்பு அதை எதிரி என்று நினைத்துக் கொந்தளித்தது. எழுத்தைக் கொஞ்சம் மாற்றி அந்தக் கொந்தளிப்பை அடக்கலாம் என்று கேட்டலின் கரிக்கோ, ட்ரூ வைஸ்மன் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 2005-இல் காட்டினார்கள். பணம் கிடைக்காமல் கரிக்கோ பட்ட பாடு தனிக்கதை. 2023-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இன்னொரு அச்சும் தயாராக இருந்தது. கொரோனா வைரஸின் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் முள், செல்லில் ஒட்டும்போது உருவம் மாறிவிடும். ஒட்டுவதற்கு முந்திய உருவத்தை உடம்புக்குக் காட்டினால்தான் நல்ல எதிர்ப்பு வரும். அந்த உருவத்தை இரண்டே இடத்தில் மாற்றம் செய்து பூட்டிவைக்கும் வித்தையை, மெர்ஸ் என்ற கொரோனா வகை நோய்க்காக 2017-க்குள் கண்டுபிடித்திருந்தார்கள். கோவிஷீல்டின் கதையும் இதேதான். சிம்பன்சிக் குரங்கின் சளி வைரஸை வாகனமாக்கும் முறையை ஆக்ஸ்போர்டில் ஏற்கெனவே மெர்ஸுக்குச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். 2020-இல் அவர்கள் மாற்றியது வாகனத்தின் சரக்கை மட்டும்.

இதைத்தான் 'தளத் தொழில்நுட்பம்' என்கிறார்கள். எனக்கு 'அச்சு' என்ற சொல்லே பிடித்திருக்கிறது.

எந்தப் படியையும் தாண்டவில்லை

மாமியின் பயம் இன்னொன்று. சோதிக்காமல் குத்திவிட்டார்களா?

ஒரு தடுப்பூசி மனிதரில் மூன்று கட்டச் சோதனை தாண்ட வேண்டும். முதலில் சில பத்துப் பேரிடம், ஆபத்து உண்டா என்று. அடுத்து சில நூறு பேரிடம், எதிர்ப்பு உண்டாகிறதா, எவ்வளவு மருந்து போதும் என்று. கடைசியில் ஆயிரக்கணக்கானவர்களிடம், நிஜமாகவே நோயைத் தடுக்கிறதா என்று. கடைசிக் கட்டத்தில் பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் உப்புநீர் மாதிரி ஒன்று. யாருக்கு எது என்பது போடுகிறவருக்கும் தெரியாது, போட்டுக்கொள்கிறவருக்கும் தெரியாது.

வழக்கமாக ஒரு கட்டம் முடிந்ததும் கம்பெனி உட்கார்ந்து யோசிக்கும். அடுத்த கட்டத்துக்குச் செலவு செய்யலாமா, விற்குமா? ஒரு வருடம், இரண்டு வருடம் அதிலேயே போகும். அப்புறம் அனுமதி கேட்டுக் கட்டுக் கட்டாகக் காகிதம் கொடுத்தால் அது மேசையில் கிடக்கும். பட்டா மாற்ற அலைந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அனுமதி வந்த பிறகுதான் தொழிற்சாலை கட்டத் தொடங்குவார்கள்.

கொரோனாவுக்கு மூன்று கட்டமும் நடந்தன, ஒன்றன்மேல் ஒன்று ஏறி நடந்தன. தகவல் வரவர அதிகாரிகள் படித்துக்கொண்டே இருந்தார்கள். தொழிற்சாலைகளோ, வேலை செய்யுமா என்று தெரியாத மருந்தையே கோடிக்கணக்கில் செய்து குளிரில் அடுக்கின. புனேயின் சீரம் நிறுவனம் அப்படித்தான் செய்தது. சோதனை தோற்றிருந்தால் அத்தனையும் குப்பை. அந்த நஷ்டப் பயத்தை அரசுகள் ஏற்றுக்கொண்டன. அமெரிக்க அரசு மட்டும் 1,000 கோடி டாலருக்கு மேல் இறக்கியது. பணயம் வைத்தது பணத்தைத்தான், பாதுகாப்பை இல்லை என்று மாமியிடம் அன்று சொல்லத் தெரிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இதற்காகக் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். கோவிஷீல்டு வகை ஊசியால் லட்சத்தில் ஓரிருவர் என்ற அளவில் ஒரு விசித்திர ரத்த உறைவு வரக்கூடும் என்பது, பல லட்சம் பேருக்குப் போட்ட பிறகுதான் தெரிந்தது. அவ்வளவு அபூர்வமான ஒன்று முப்பதாயிரம் பேர் சோதனையில் கண்ணில் படாது. பத்து வருடம் செலவழித்துச் செய்திருந்தாலும் பட்டிருக்காது. ஊசி போட ஆரம்பித்த பிறகும் கண்காணிப்பு தொடர வேண்டும் என்பது அதனால்தான்.

நோய் பரவியதே சோதனைக்கு உதவிய கதை

வெளியில் அதிகம் பேசப்படாத ஒரு காரணம் இருக்கிறது. என்னைக் கேட்டால் அதுதான் முக்கியம்.

ஃபைசர் சோதனையின் கடைசிக் கட்டம் 2020 ஜூலை இறுதியில் ஆரம்பித்தது. 43,000-க்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்தார்கள். நாலு மாதத்துக்குள் அவர்களில் 170 பேருக்குக் கொரோனா வந்தது. யாருக்கு எது போட்டது என்று பிரித்துப் பார்த்தார்கள். வெறும் நீர் போட்டவர்களில் 162 பேர், மருந்து போட்டவர்களில் 8 பேர். இருபதில் பத்தொன்பது பங்கு குறைந்திருக்கிறது. செய்திகளில் வந்த 95 சதவீதம் இந்தக் கணக்குதான்.

கவனியுங்கள், பதில் கிடைக்க 170 பேர் நோயில் விழ வேண்டியிருந்தது. தெருவெல்லாம் கொரோனா பரவிக்கிடந்ததால் சீக்கிரம் விழுந்தார்கள்.

இப்போது டிபிக்கு வருவோம். எம்72 என்று ஒரு புது ஊசி. கென்யா, தென்னாப்பிரிக்கா, சாம்பியாவில் ஏற்கெனவே டிபி கிருமி உடம்பில் தூங்கிக்கொண்டிருந்த சுமார் 3,300 பேரிடம் அதன் இரண்டாம் கட்டச் சோதனை நடந்தது. மூன்று வருடம் காத்திருந்தார்கள். வெறும் நீர் போட்டவர்களில் 26 பேருக்கும் மருந்து போட்டவர்களில் 13 பேருக்கும் டிபி வந்தது. பாதியாகக் குறைத்திருக்கிறது, நல்ல செய்திதான். ஆனால் பாருங்கள், அங்கே நாலு மாதத்தில் 170 பேர், இங்கே மூன்று வருடத்தில் 39 பேர். டிபி கிருமி பொறுமைசாலி. உள்ளே போய் வருடக்கணக்கில் பதுங்கும். அது வெளியே வரும்வரை விஞ்ஞானியும் காத்திருக்கத்தான் வேண்டும். இந்தக் காத்திருப்பைப் பணம் கொட்டி ஓரளவு குறைக்கலாம், அதிக ஆட்களைச் சேர்த்து. ஒழிக்க முடியாது.

கிருமியின் குணமும் ஒன்றல்ல. கொரோனா வந்த பெரும்பாலோரின் உடம்பு தானாகவே அதை விரட்டியது. உடம்புக்கு முடிகிற காரியத்தை முன்கூட்டிச் சொல்லிக்கொடுத்தால் போதும், அடையாளம் காட்ட ஒரு முள்ளும் இருந்தது. டிபி கிருமியோ, அதைத் தின்று அழிக்க வேண்டிய வெள்ளை அணுவுக்குள்ளேயே குடியிருக்கிறது. மலேரியா கிருமிக்கு 5,000-க்கும் மேற்பட்ட மரபணுக்கள். கொசுவில் ஒரு வேஷம், ஈரலில் ஒரு வேஷம், ரத்தத்தில் இன்னொரு வேஷம். எச்ஐவி இன்னும் மோசம். 1984-இல் அமெரிக்கச் சுகாதாரச் செயலர் மார்கரெட் ஹெக்லர் இரண்டு வருடத்தில் தடுப்பூசி சோதனைக்குத் தயாராகும் என்றார். நாற்பது வருடம் தாண்டிவிட்டது. தானாக எச்ஐவியை விரட்டிய உடம்பைக் காண்பதே அரிது என்னும்போது, எதைப் பார்த்து நகல் எடுப்பது?

நம் மாநிலத்திலேயே இந்தப் பாடம் உண்டு. 1968 முதல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் லட்சக்கணக்கானவர்களை வைத்து பிசிஜி ஊசியைச் சோதித்தார்கள். உலகின் மிகப் பெரிய பிசிஜி சோதனை அது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் டிபியை ஊசி தடுக்கவில்லை என்று முடிவு வந்தது. சின்னக் குழந்தைகளுக்கு மூளைக்காய்ச்சலாகப் பாயும் கொடிய டிபியை அது தடுக்கிறது, அதனால்தான் இன்றும் போடுகிறார்கள். அண்ணனின் தம்பிக்குத் தழும்பு இருந்தும் டிபி வந்தது இதனால்தான்.

அப்படியானால் எது தேவையில்லாத தாமதம்?

கிருமியால் வந்த தாமதத்துக்கு யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் மனிதரால் வந்த தாமதமும் இருக்கிறது. எம்72-இன் முதல் நல்ல முடிவு 2018-இல் வெளிவந்தது. மூன்றாம் கட்டச் சோதனை தொடங்கியது 2024 மார்ச்சில். நடுவில் ஐந்தரை வருடம். அந்த ஐந்தரை வருடத்தில் கிருமி எந்தத் தந்திரமும் செய்யவில்லை. 55 கோடி டாலர் யார் தருவது என்ற பேச்சு 2023-இல்தான் முடிந்தது. கேட்ஸ் அறக்கட்டளையும் வெல்கம் அறக்கட்டளையும் தந்தன. 2023-இல் மட்டும் டிபியால் உலகில் சுமார் 12.5 லட்சம் பேர் இறந்தார்கள். நோயாளிகளில் நாலில் ஒருவர் இந்தியர். கொரோனாவில் இரண்டாம் கட்டத்துக்கும் மூன்றாம் கட்டத்துக்கும் நடுவில் போனது வாரங்கள்தான்.

ஏன் என்று கேட்டால் பதில் கசப்பானது. கொரோனா பணக்கார நாட்டு ஆஸ்பத்திரிகளையும் நிரப்பியது. டிபியும் மலேரியாவும் யாரிடம் வருகின்றன என்று நமக்குத் தெரியும்.

ஆர்டிஎஸ்,எஸ் என்ற மலேரியா ஊசியும் இப்படித்தான் தவித்தது. 1987-இல் ஆரம்பித்த வேலை. பெரிய சோதனை முடிந்து 2015-இல் ஐரோப்பிய மருந்து அமைப்பு நல்ல கருத்துச் சொன்னது. அதற்கப்புறம் கானா, கென்யா, மலாவியில் முன்னோட்டம் பார்க்க வேண்டும் என்றார்கள். அது 2019-இல் தொடங்கியது. உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது 2021 அக்டோபரில். ஆனால் கொரோனாவுக்குப் பின் வந்த ஆர்21 மலேரியா ஊசியைப் பாருங்கள். ஆக்ஸ்போர்டும் சீரம் நிறுவனமும் சேர்ந்து செய்தது. இதில் எதிர்ப்பைத் தூண்டும் துணைப்பொருள், நோவாவாக்ஸின் கொரோனா ஊசியில் இருந்த அதே பொருள்தான். 2023 அக்டோபரில் பரிந்துரை வந்தது. விலை ஒரு டோஸ் நாலு டாலருக்குள். அச்சும் இருந்தது, ஆலையும் இருந்தது.

எபோலாவில் இது இன்னும் துலக்கமாகத் தெரிகிறது. குரங்குகளைக் காப்பாற்றிய ஒரு எபோலா ஊசி 2005-லேயே கனடாவில் தயாராக இருந்தது. வாங்க ஆளில்லை என்று அலமாரியில் கிடந்தது. 2014-இல் மேற்கு ஆப்பிரிக்காவில் நோய் வெடித்து, அடங்குவதற்குள் 11,000-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்த ஊசி சோதனைக்கு எடுக்கப்பட்டதே பாதியில்தான். அப்புறம் 2022-இல் உகாண்டாவில் எபோலாவின் இன்னொரு வகை வந்தது. அதற்கான சோதனை ஊசிகள் போய்ச் சேர 79 நாள் ஆனது. அதற்குள் நோயே அடங்கிவிட்டது. ஊசி போட ஆளில்லை. ஆனால் இம்முறை மருந்தைத் திருப்பி அனுப்பாமல், திட்டத்தையும் அனுமதியையும் தயார் செய்து வைத்துக்கொண்டார்கள். 2025 ஜனவரி 30 அன்று அதே நோய் மறுபடியும் அறிவிக்கப்பட்டது. நாலாம் நாள் ஊசி கையில் ஏறியது. 79, அடுத்து 4. இடையில் பெரிய கண்டுபிடிப்பு எதுவும் இல்லை. கோப்பும் குளிர்பெட்டியும் தயாராக இருந்தன.

நமக்கு இது தூரத்துக் கதை இல்லை. 2018-இல் கோழிக்கோடு, மலப்புறம் பக்கம் நிபா வந்து 17 பேர் போனார்கள். அதற்கப்புறம் கேரளாவில் நிபா என்று செய்தி வந்தாலே களியக்காவிளையில் பஸ்ஸை நிறுத்தி நெற்றியில் காய்ச்சல் பார்க்கிறார்கள். நிபாவில் சிக்கல் தலைகீழ். இருபது பேருக்கு வந்து அடங்கிவிடும் நோயில் 170 பேர் கணக்கை எங்கே எடுப்பது? ஆகவே முதல் இரண்டு கட்டத்தையும் நோய் இல்லாத நாளில் முடித்து, மருந்தை வைத்துக்கொண்டு காத்திருப்பதுதான் வழி. கோவிஷீல்டின் அதே குரங்குச் சளி வைரஸ் வாகனத்தில் நிபா சரக்கை ஏற்றி, ஆக்ஸ்போர்டில் 2024 ஜனவரியில் மனிதச் சோதனை தொடங்கினார்கள்.

ஆலை விஷயத்தில் மட்டும் நாம் பாடம் படித்தோமா என்று எனக்குச் சந்தேகம். 2021-இல் இரண்டாம் அலை வந்ததும் இந்தியா ஊசி ஏற்றுமதியை நிறுத்தியது, ஆப்பிரிக்க நாடுகள் கையைப் பிசைந்தன. அதே நேரம் செங்கல்பட்டில் நூறு ஏக்கரில் கட்டிய மத்திய அரசின் தடுப்பூசி வளாகம் ஒரு ஊசிகூடச் செய்யாமல் நின்றது. மே மாதம் முதல்வர் ஸ்டாலின் நேரில் போய்ப் பார்த்தார். கட்டிடம் இருந்தால் மட்டும் ஊசி வராது. தினமும் ஏதாவது ஒரு ஊசி செய்துகொண்டிருக்கிற ஆலைதான் அவசரத்துக்கு வேறு ஊசி செய்ய முடியும். ஓடாத வள்ளம் கரையிலேயே இற்றுப்போகும் என்று கடற்கரையில் எல்லோருக்கும் தெரியும்.

போன மாதம் அண்ணனைப் பட்டறையில் பார்த்தேன். ரெசின் வாடைக்கு நடுவே எம்72 பற்றிச் சொன்னேன். ஐந்து நாட்டில் இருபதாயிரம் பேருக்குச் சோதனை நடக்கிறது, அதில் சிலருக்கு டிபி வந்து கணக்கு தேறும்வரை காத்திருக்க வேண்டும் என்றேன். "அப்போ எவனுக்காவது நோய் வரணும்னு பாத்துட்டு இருக்காங்க" என்று சிரித்தார். அவர் மகளுக்குக் குழந்தை பிறந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. போனில் படம் காட்டினார். ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரியில், துணிச் சுருளுக்குள்ளிருந்து ஒரு சின்ன இடது கை. தோளில் சிவப்பாக ஒரு புள்ளி. 1921-இன் ஊசி.